பழைய பிராசசருக்கு வாட்டர் கூலிங்: போர்டைக் கொல்லும் தவறுகள்

பத்து வருடத்துக்கும் மேல் பழைய பிராசசர்களை ஓவர்கிளாக் செய்யும், அதாவது கம்பெனி குறித்த வேகத்துக்கு மேல் ஓட்டும் ஆசை மறுபடியும் கிளம்பியிருக்கிறது. ஏஎம்டியின் எஃப்எக்ஸ்-8350, இன்டெலின் ஐ7-2600கே போன்றவை செகண்ட் ஹேண்டில் சொற்ப விலைக்கு வருகின்றன. யாரோ கழற்றிப் போட்ட வாட்டர் கூலரும் கூடவே கிடைத்துவிடுகிறது. போனால் போகட்டும் என்று விளையாடிப் பார்க்க நல்ல சாமான்தான். ஆனால் புதிதாக வருகிறவர்களைப் பார்த்தால், நாங்கள் அந்தக் காலத்தில் செய்த அதே தவறுகளை அதே வரிசையில் செய்கிறார்கள்.

வெப்பம் கடத்தும் பேஸ்ட்டை அள்ளிப் பூசாதீர்கள், பிராசசர் மேல் உட்காரும் வாட்டர் பிளாக்கின் அடியில் ஒட்டிய பிளாஸ்டிக்கை உரியுங்கள் என்பதையெல்லாம் எல்லோரும் சொல்லியாகிவிட்டது. அவற்றை விடுகிறேன். பலர் கணக்கில் எடுக்காத ஒன்று உண்டு. பழைய மெஷினில் கிடைப்பதற்கு அரிய பொருள் பிராசசர் அல்ல, மதர்போர்டு. பிராசசர் அவ்வளவு சீக்கிரம் சாகாது, செத்தாலும் இன்னொன்று கிடைக்கும். நல்ல போர்டு போனால் தேடி அலைய வேண்டும்.

"கூலாத்தானே இருக்கு, இன்னும் ஏத்தலாம்"

தண்ணீர் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். வோல்டேஜ் செய்யும் வேலையை அது மாற்றாது. சிப் இழுக்கும் மின்சக்தி வேகத்துக்கு நேர்விகிதத்தில் ஏறும், வோல்டேஜுக்கோ இருமடி விகிதத்தில் ஏறும். 2011-இல் வந்த ஐ7-2600கே-யின் அடிப்படை வேகம் 3.4 கிகாஹெர்ட்ஸ், எழுதியிருப்பது 95 வாட். அதை 4.6-க்குக் கொண்டுபோய், வோல்டேஜை 1.2-லிருந்து 1.4-க்கு ஏற்றினால், கணக்கு 1.8 மடங்கைத் தாண்டுகிறது. அதாவது 175 வாட் அளவுக்கு வந்துவிடும். திரையில் 60 டிகிரிதான் காட்டுகிறது என்று நீங்கள் நிம்மதியாக இருக்கலாம். உள்ளே நுண்கம்பிகள் மின்னோட்டத்தால் அரிக்கப்படுவதை வெப்பம் வேகப்படுத்தும், ஆனால் வெப்பம் குறைந்தால் அந்த அரிப்பு நின்றுவிடாது.

இன்னொன்று, தண்ணீர் அறைக் காற்றைவிடக் குளிராது. டிசம்பரில் தேறிய செட்டிங் மே மாத மதியத்தில் விழும். நம் ஊரில் சோதிப்பதானால் ஏசி போடாத அறையில், மத்தியானத்தில் சோதியுங்கள்.

ஆட்டோ வோல்டேஜ்

வேண்டாம். வேகத்தை ஏற்றினால் பெரும்பாலான போர்டுகள் தேவைக்கு மேலேயே கொடுக்கும்.

தண்ணீர் வந்ததும் காற்று போய்விடுகிறது

எனக்கு இன்னமும் எரிச்சல் மூட்டுவது இதுதான்.

பிராசசரோடு பெட்டியில் வரும் கூலரின் விசிறி கீழ்நோக்கி ஊதும். அந்தக் காற்று ஹீட்சிங்கில் பட்டு, பிராசசர் உட்காரும் சாக்கெட்டைச் சுற்றி நான்கு பக்கமும் சிதறும். சாக்கெட்டுக்குப் பக்கத்திலேயே விஆர்எம் இருக்கிறது. பவர் சப்ளையின் 12 வோல்ட்டைப் பிராசசருக்கு வேண்டிய 1.3, 1.4 வோல்ட்டாகக் குறைத்துக் கொடுக்கும் மாஸ்ஃபெட், சுருள், கெபாசிட்டர் கூட்டம் அது. அந்தச் சாதாரண கூலர் யாருக்கும் தெரியாமல் இதற்கும் காற்று கொடுத்துக்கொண்டிருந்தது. அதைக் கழற்றி வாட்டர் பிளாக் வைத்ததும், தண்ணீரை ஆற்றும் ரேடியேட்டர் கேஸின் கூரைக்குப் போய்விடுகிறது, சாக்கெட்டைச் சுற்றி அசையாத காற்று நிற்கிறது. அந்த நேரம் பார்த்துத்தான் விஆர்எம்மிடம் முன்பைவிட இரண்டு மடங்கு வேலை கேட்கிறோம்.

எஃப்எக்ஸ்-8350-ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். 4.0 கிகாஹெர்ட்ஸ், 125 வாட். இதே வடிவமைப்பை ஏஎம்டி 2013-இல் 4.7 அடிப்படை வேகத்தில் எஃப்எக்ஸ்-9590 என்று விற்றது. அதற்கு அவர்கள் எழுதிய எண் 220 வாட். தேர்ந்தெடுத்த சில்லுகளுக்கே அவ்வளவு. அதைத் தாங்கும் என்று போர்டு கம்பெனிகள் பட்டியலிட்டவையும் சில உயர்ரகப் போர்டுகள் மட்டுமே. நீங்கள் மலிவான போர்டில் 8350-ஐ 4.7-க்கு ஓட்டுவதும், அந்தப் பட்டியலில் இல்லாத போர்டில் 9590-ஐச் செருகுவதும் ஒன்றுதான்.

சும்மா 200 வாட் என்றே வைத்துக்கொள்வோம். 1.45 வோல்ட்டில் அது கிட்டத்தட்ட 138 ஆம்பியர். விஆர்எம்மில் நான்கு ஃபேஸ் (சுமையைப் பங்கிட்டுக்கொள்ளும் பிரிவுகள்) இருந்தால் ஒவ்வொன்றிலும் 34-க்கு மேல். மாற்றும்போது 15 சதவீதம் வீணாகிறது என்றால், நகத்தளவு மாஸ்ஃபெட்கள் சிலவற்றில் 35 வாட் வெப்பம். சால்டரிங் அயர்னின் நுனியைப் போர்டில் நிரந்தரமாக வைத்ததுபோல. இதற்காக 12 வோல்ட் பக்கம் இழுக்கப்படுவது ஏறத்தாழ 20 ஆம்பியர். உங்கள் போர்டில் இருப்பது 4 பின் சிபியு கனெக்டர் என்றால், அதில் 12 வோல்ட் கம்பி இரண்டே இரண்டு. ஒவ்வொன்றிலும் 10 ஆம்பியர். பிளாஸ்டிக் பழுப்பாவது ஏன் என்று புரியும்.

தெரிந்த கல்லூரிப் பையன் ஒருவன் இப்படித்தான் ஒரு 8350-ஐ 240 மிமீ ரேடியேட்டரோடு 4.6-இல் ஓட்டினான். விஆர்எம் மேல் ஹீட்சிங்க்கூட இல்லாத போர்டு. "அண்ணே, டெம்பரேச்சர் 50-ஐத் தாண்டவே இல்லை. ஆனா கேம் நடுவுல திடீர்னு இழுக்குது" என்றான். வேக வரைபடத்தை எடுத்துப் பார்த்தால், 4.6-லிருந்து 1.4 கிகாஹெர்ட்ஸுக்கு விழுந்து, சில நொடி கழித்து மறுபடி ஏறுகிறது. பிராசசருக்குச் சூடு இல்லை. சுடுவது விஆர்எம், தாங்க முடியாமல் போர்டு வேகத்தைப் பிடித்து இழுக்கிறது. இதுதான் த்ராட்லிங். "தம்பி, வேகத்தைக் குறை, இல்லைன்னா அங்கே ஒரு விசிறி வை" என்று சொல்லி அனுப்பினேன்.

அவன் வேறு வழி கண்டுபிடித்தான். யாரோ சொன்னார்கள் என்று பயாஸில் அந்தப் பாதுகாப்பை அணைத்துவிட்டான். இழுப்பு நின்றது. "சரியாயிடுச்சு அண்ணே" என்று போனும் வந்தது. அப்புறம் ஒரு நாள் ராத்திரி கருகல் வாடை. மாஸ்ஃபெட் ஒன்று வெடித்து, கனெக்டர் உருகிப் போர்டோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பிராசசருக்கு ஒரு கீறல் இல்லை. சென்னை ரிச்சி தெருவில் கடை கடையாக ஏறி இறங்கி அவன் வாங்கிய பழைய போர்டின் விலை, பிராசசரும் கூலரும் சேர்ந்த விலையைவிட அதிகம்.

அவன்மேல்கூட எனக்குக் கோபமில்லை. "இழுத்தால் த்ராட்லிங்கை ஆஃப் பண்ணிடு" என்று போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போகிறவர்கள்மேல்தான். போர்டு வேகத்தைக் குறைப்பது கோளாறு இல்லை. கோளாறு வேறெங்கோ இருப்பதை அது சொல்கிறது.

செய்ய வேண்டியது பெரிய செலவில்லை. ஒரு 80 மிமீ விசிறியைக் கேபிள் டை போட்டு விஆர்எம் மேல் ஊதும்படி கட்டுங்கள். பார்க்க அசிங்கமாக இருக்கும், பரவாயில்லை. மாஸ்ஃபெட் மொட்டையாக இருந்தால் சிறு ஹீட்சிங்குகளை வெப்பம் கடத்தும் பசையால் ஒட்டுங்கள். பக்கத்துக் கால்களில் இடிக்காமல் பாருங்கள். கேஸில் சாக்கெட்டின் பின்பக்கம் திறப்பு இருந்தால் அங்கேயும் ஒரு சின்ன விசிறி வைக்கலாம், எஃப்எக்ஸ் வைத்திருந்தவர்கள் பலர் அப்படிச் செய்தார்கள். அந்தக் காலத்து மலிவுப் போர்டுகளில் பெரும்பாலும் விஆர்எம் சென்சார் கிடையாது. அதனால் மென்பொருளை நம்பாமல், ஒரு ஐஆர் தெர்மாமீட்டரால் போர்டின் பின்பக்கத்தை அளந்து பாருங்கள். மாஸ்ஃபெட் 100 டிகிரிக்கு மேலும் தாங்கும். பக்கத்தில் நிற்கும் பழைய கெபாசிட்டர் தாங்காது. சாதாரண எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டருக்கு ஒவ்வொரு 10 டிகிரி ஏற்றத்துக்கும் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும்.

4 பின் கனெக்டர் போர்டா? 8350-ஐ அதன் சொந்த வேகத்தில் ஓட்டிவிட்டுச் சும்மா இருங்கள்.

ஐடில் வெப்பத்தை நம்புவது

எஃப்எக்ஸ் சில்லுகள் சும்மா இருக்கும்போது அறை வெப்பத்தைவிடக் குறைவாகக் காட்டும். இயற்பியல்படி முடியாத எண்ணை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பெருமைப்படுகிறார்கள். முழு லோடில் வரும் எண்ணை மட்டும் பாருங்கள், அது 61 டிகிரிக்குள் இருக்கட்டும்.

பஸ் வேகத்தைத் தொடுவது

பஸ் கடிகாரத்தை மல்டிப்ளையரால் பெருக்கினால் வருவதுதான் பிராசசரின் வேகம். மல்டிப்ளையர் திறந்திருக்கும்போது பஸ்ஸைத் தொடுவது எதற்கு? சாண்டி பிரிட்ஜில் (2600கே-யின் தலைமுறை) அந்த 100 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தோடுதான் சாட்டாவும் பிசிஐ எக்ஸ்பிரஸும் கட்டப்பட்டிருக்கின்றன. சில மெகாஹெர்ட்ஸ் ஏற்றினாலே ஹார்ட் டிஸ்க்கில் இருப்பது சிதையலாம்.

அலுமினியமும் தாமிரமும் ஒரே தண்ணீரில்

பம்ப், பிளாக், ரேடியேட்டரைத் தனித்தனியாக வாங்கி லூப் (தண்ணீர்ச் சுற்று) கட்டுகிறவர்களுக்கு மட்டும் இது. மலிவு ரேடியேட்டர் பல அலுமினியம், பிளாக் தாமிரம். இரண்டும் ஒரே நீரில் சேர்ந்தால் அலுமினியம் அரிக்கும், அரித்தது பிளாக்கின் மெல்லிய பள்ளங்களில் போய் அடைக்கும். டிஸ்டில்டு வாட்டர் ஊற்றினேனே என்பார்கள். உலோகத்தைத் தொட்ட சில நாளிலேயே அது மின்சாரம் கடத்தத் தொடங்கிவிடும். அரிப்புத் தடுப்பான் கலந்தால் தள்ளிப்போகும், அவ்வளவுதான். தாமிரம் அல்லது பித்தளை ரேடியேட்டரையே வாங்குங்கள்.

கசிவு பார்க்காமல் பவர் கொடுப்பது

பம்புக்கு மட்டும் மின்சாரம், சுற்றிலும் டிஷ்யூ பேப்பர், ஒரு நாள் முழுக்க ஓடட்டும். பம்பைக் காய்ந்த நிலையில் ஒரு நிமிடம்கூட ஓட்டக் கூடாது.

பத்து நிமிட டெஸ்ட்

ஒரு பெஞ்ச்மார்க் முடிந்தால் நிலையாகிவிட்டது என்று அர்த்தமில்லை. பிராசசருக்கு முழு லோடு கொடுக்கும் பிரைம்95 மென்பொருளை ராத்திரி முழுக்க ஓட விடுங்கள், முதல் அரை மணி நேரம் பக்கத்திலேயே இருந்து விஆர்எம்மைப் பாருங்கள். ப்ளூ ஸ்கிரீனில் 0x124 வந்தால் சாண்டி பிரிட்ஜில் பெரும்பாலும் வோல்டேஜ் போதவில்லை. அங்கே வோல்டேஜை ஏற்றாமல் பிராசசரின் வேகத்தை 100 மெகாஹெர்ட்ஸ் இறக்குங்கள். விளையாட்டில் அந்த 100 உங்கள் கண்ணுக்குத் தெரியாது.

பழைய பவர் சப்ளை

பிராசசரின் வயதே அதற்கும் என்றால் மாற்றுங்கள்.

செகண்ட் ஹேண்ட் ஏஐஓ

ஏஐஓ என்பது எல்லாம் சேர்த்து மூடியே வரும் வாட்டர் கூலர். மூடிய கூலர்தானே, தண்ணீர் எங்கே போகும் என்று நினைக்காதீர்கள். குழாயின் ரப்பர் வழியாக வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக ஆவி வெளியேறும், அந்த இடத்தில் காற்று சேரும். அந்தக் காற்று போய்ச் சேருவது லூப்பின் உச்சிக்கு. அங்கே பம்ப் இருந்தால் கரகரவென்று கத்தித் தேயும். ரேடியேட்டரின் மேல்விளிம்பு பம்பைவிட உயரத்தில் இருக்கும்படி மாட்டுங்கள். வாங்கும்போதே கையில் எடுத்துக் குலுக்கிப் பாருங்கள். பாதிப் பாட்டில் தண்ணீர் மாதிரி சளசளவென்று கேட்டால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.