கருத்தடை முறையைத் தேர்ந்தெடுக்கும்போது கவனிக்க வேண்டியவை

தென்னாப்பிரிக்காவின் அரசு மருத்துவ நிலையங்களில் கருத்தடை ஊசி, மாத்திரை, கருப்பையில் வைக்கும் காப்பர்-டி, கையில் பொருத்தும் இம்ப்ளாண்ட் ஆகியவை கட்டணமின்றிக் கிடைப்பதால், டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ வாழும் நம் பெண்கள் தம் உடல்நிலையையும், அடுத்த குழந்தை எப்போது வேண்டும் என்பதையும் வைத்தே முடிவெடுக்கலாம்.

பலரும் கேட்டுப் பெறுவது ஊசியைத்தான். 12 வாரத்துக்கு ஒருமுறை போடும் டெப்போ ஊசியால் மாதவிலக்கு முறை தவறலாம், நாளடைவில் நின்றும் போகலாம். மாதவிலக்கு நின்றால் கெட்ட இரத்தம் உடலில் தேங்கிவிடும் என்பது தவறான நம்பிக்கை என்பதை வீட்டிலுள்ள மாமியார்களும் அறிய வேண்டும். ஆனால் எடை கூடக்கூடும்; நிறுத்திய பின் கருத்தரிக்கப் பல மாதங்கள், சிலருக்கு ஓராண்டுகூட ஆகலாம் என்பதால், விரைவில் குழந்தை விரும்புவோருக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். காப்பர்-டியில் ஹார்மோன் இல்லை. அதை எடுத்தவுடன் கருத்தரிக்கலாம். எனினும் முதல் சில மாதங்கள் உதிரப்போக்கும் வயிற்றுவலியும் மிகலாம் என்பதால், இரத்தச்சோகை உள்ளவர்கள் அதைத் தாதியிடம் முன்பே சொல்ல வேண்டும்.

ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் கலந்த மாத்திரையை உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களும், 35 வயதைக் கடந்து புகைப்பவர்களும், கண்முன் ஒளிக்கீற்றுகள் தோன்றி ஒற்றைத் தலைவலி வருபவர்களும் தவிர்க்க வேண்டும். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் உட்கொள்வோருக்கு மாத்திரையும் இம்ப்ளாண்ட்டும் சரிவரப் பலனளிக்காது. எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்க, எந்த முறையோடும் ஆணுறை சேர்ந்தே இருக்க வேண்டும்.