மொட்டையான தேக்கு செத்துப்போகவில்லை

மழை விழுந்து தேக்கு தளிர்த்து இரண்டு கிழமை போனபின் தோப்புக்குள் நின்று பாருங்கள். வானம் வெளித்திருக்கும், ஆனாலும் தூறல் விழுகிற மாதிரிச் சத்தம் கேட்கும். கையை நீட்டினால் உள்ளங்கையில் விழுவது கடுகளவு கறுப்பு எச்சம். மேலே தேக்குப் புழு தின்றுகொண்டிருக்கிறது. ஹைபிளியா என்ற அந்துப்பூச்சிப் பேரினத்தில் ஹைபிளியா பியூரா என்ற இனத்தின் புழு அது.

முள்ளியவளைத் தேக்கங்காட்டைப் பார்த்து வளர்ந்த இலங்கையின் வன்னியில் இப்போது வேலியோரம், வளவுக்குள் என்று பலரும் தேக்கு வைத்திருக்கிறார்கள். ஒரே கிழமையில் மரம் மொட்டையானதும் பயந்துபோய், பத்து வருஷ மரத்தை வந்த விலைக்குத் தறித்துக் கொடுத்துவிடுகிறார்கள். எனக்கு மிகவும் வேதனை தருவது இந்தத் தவறுதான். இந்தப் புழுவால் தேக்கு சாவது அபூர்வம். சில கிழமைகளில் திரும்பத் தளிர்க்கும். நட்டம் வளர்ச்சியில்தான். கேரளத்தில் நிலம்பூரில் 4 முதல் 8 வயது வரையான தேக்குகளை ஆராய்ந்தபோது, மரத்தின் கனவளவில் கூடியிருக்க வேண்டிய வளர்ச்சியில் 44 சதவீதம் இப்படிப் போனது தெரிந்தது. ஆகவே காவல் முக்கியமாகத் தேவைப்படுவது இளமரத்துக்கு.

அடுத்தது, மொட்டையான பிறகு மருந்தடிப்பது. நல்ல ஈரமும் இளந்தளிரும் இருந்தால் புழுப் பருவம் இரண்டு கிழமைக்குள் முடிந்துவிடும். நீங்கள் கடைக்குப் போய் மருந்து வாங்கி வரும்போது புழு நூல்விட்டுத் தரைக்கு இறங்கியிருக்கும். வெறும் கொப்புக்கு அடிக்கிற மருந்து கிணற்றுக்கும் தேனீக்கும்தான் போய்ச் சேரும். பார்க்க வேண்டிய நேரம் தளிர் விடும் நாட்கள். தாய்ப்பூச்சி இளந்தளிரின் அடிப்பக்கத்தில் நரம்பை ஒட்டி ஒவ்வொன்றாக முட்டையிடும். கொஞ்சம் வளர்ந்த புழு இலை விளிம்பை வெட்டி, மடித்து, நூலால் ஒட்டி, அந்த மடிப்புக்குள் ஒளிந்திருக்கும். கைக்கெட்டும் கன்றென்றால் அந்த மடிப்பை விரலால் நசுக்கிவிட்டாலே போதும். இது மயிர்க்கொட்டி இல்லை, தொட்டால் சொறியாது. உயர்ந்த மரமென்றால் விட்டுவிடுங்கள், அது தானாகத் தேறும்.

சரி, இலை முழுதாகப் போகாமல் சல்லடை மாதிரிச் சிறு நரம்புகளும் சேர்ந்து மிஞ்சியிருந்தால்? அது வேறு பூச்சி. முற்றிய இலையில் பச்சையை மட்டும் சுரண்டித் தின்னும். தேக்குப் புழு இளம் இலையைத் தின்று பெரிய நரம்புகளை மட்டும்தான் விட்டுவைக்கும். இரண்டையும் ஒன்றென்று நினைத்தால் பார்க்க வேண்டிய காலமே தவறிப்போகும்.

அப்புறம் சருகுக்கு நெருப்பு வைப்பது. கூட்டுப்புழு சருகுக்குள் இருப்பது உண்மைதான். புரட்டினால் கபில நிறத்தில் தெரியும். ஆனால் ஒரு கிழமை அளவில் அது பூச்சியாகிப் பறந்துவிடும். முன் இறக்கை காய்ந்த இலை நிறம், பின் இறக்கையில் கறுப்பும் செம்மஞ்சளும். கூட்டமாக வேறு இடம் தேடிப் போகக்கூடியது. நெருப்பில் வேகிறது இளமரத்தின் அடிப்பட்டையும் மண்ணும். சருகை அப்படியே விட்டால் காகம், மைனா, செண்பகம் எல்லாம் இறங்கிவந்து கிளறித் தின்னும்.