மலாவி ஊழியப் பயணம்: கொஞ்சத்தில் சந்தோஷமாக இருப்பது எப்படி

எங்கள் ராயபுரம் சபையிலிருந்து ஆப்பிரிக்க நாடான மலாவிக்குக் கிளம்புகிற பிள்ளைகள் முதலில் கேட்பது, "அக்கா, என்னென்ன எடுத்துட்டுப் போகணும்?" ஒரே பை போதும். வேதாகமம், சட்டென்று காயும் நாலு செட் துணி, டார்ச், டாக்டர் எழுதிக் கொடுத்த மலேரியா மாத்திரை. அங்கே பிளக்குக்குச் செவ்வக முள் மூன்று. அதற்கு ஒரு அடாப்டர்.

சாப்பாடுதான் பெரிய விஷயம். மக்காச்சோள மாவைக் கெட்டியாகக் கிண்டும் என்சிமாதான் அங்கே தினசரிச் சாப்பாடு. வலது கையால் கொஞ்சம் பிய்த்து உருட்டி, கட்டைவிரலால் குழி பண்ணி, கீரையையோ குழம்பையோ அள்ளுங்கள். களி சாப்பிட்ட கைக்குச் சீக்கிரம் வந்துவிடும். ஏரிக்கரை ஊர் என்றால் உசிபா கிடைக்கும். பொடிமீன், மேடை கட்டி வெயிலில் காயவைப்பார்கள். காசிமேட்டு நெத்திலிக் கருவாடு தின்று வளர்ந்தவர்களுக்கு ஊர் ஏக்கம் அங்கேயே பாதி தீரும்.

கிராமங்களில் தண்ணீருக்கு அடிபம்பு. வரிசையில் நில்லுங்கள், பக்கத்து அம்மாவுக்கும் சேர்த்து அடித்துக் கொடுங்கள். பிரசங்க மேடையைவிட பம்படியில்தான் எனக்கு ஆட்கள் பழக்கமானார்கள். குளிக்க அரை வாளி போதும். தண்ணி லாரிக்குக் குடம் வரிசை போட்ட நமக்கு இதைச் சொல்லித்தர வேண்டுமா என்ன!

ஞாயிறு ஆராதனை நீளும், பாட்டும் ஆட்டமும் உண்டு. கடிகாரம் பார்க்காமல் எழுந்து கை தட்டுங்கள். அப்புறம், எளிமை என்று சொல்லிக் கொசுவலையை மட்டும் விட்டுவிடாதீர்கள். நான்கு பக்கமும் மெத்தைக்கு அடியில் செருகிவிட்டுப் படுங்கள்.