விண்வெளி நிலையத்தைச் சேலத்து மொட்டை மாடியிலிருந்தே படம் பிடிக்கலாம்

வானத்தைப் படம் எடுக்க ஏற்காடு ஏற வேண்டும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்கு அது தேவையில்லை. உச்சிக்கு வரும்போது கிட்டத்தட்ட வெள்ளிக் கோள் அளவுக்கு மின்னும். அஸ்தம்பட்டித் தெருவிளக்குகள் அதை மறைத்துவிடாது.

6 அல்லது 8 அங்குல டாப்சோனியன் தொலைநோக்கி (சுழலும் அடித்தட்டின் மேல் நிற்கும் எளிய வகை), கோள்களை வீடியோ எடுக்கும் சிறிய கேமரா, லேப்டாப். இவ்வளவு போதும். மோட்டார் வேண்டாம், கையால் தள்ளலாம்.

முதலில் நேரம். நிலையம் எப்போது தலைக்கு மேல் கடக்கும் என்று சொல்லும் ஹெவன்ஸ் அபவ் இணையதளத்தில் சேலத்தைக் குறித்துவிட்டுப் பாருங்கள். அடிவானிலிருந்து உச்ச உயரம் 50 முதல் 75 டிகிரி வரை உள்ள நாளைத் தேர்ந்தெடுங்கள். 30 டிகிரியில் நிலையம் சுமார் 750 கி.மீ. தள்ளிப் போய்விடும், படம் சிறுத்துவிடும். நேர் உச்சியிலும் சிக்கல்தான்: டாப்சோனியனின் அடித்தட்டைச் சில நொடிகளில் அரைச்சுற்று திருப்ப வேண்டிவரும். முடிந்தால் நிலையம் விடியற்காலையில் கடக்கும் வரவைப் பிடியுங்கள். மாலையில் மொட்டை மாடித் தரை பகல் சூட்டைக் கக்கிக்கொண்டிருக்கும், அந்த அலையில் படம் கலங்கும்.

ஒரு மணி நேரம் முன்பே தொலைநோக்கியை வெளியே வைத்து ஆறவிடுங்கள். அப்புறம் ஃபோகஸ். நிலாவிலோ பிரகாசமான நட்சத்திரத்திலோ கூர்மையாக வைத்து, குமிழை டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். அந்த நட்சத்திரம் கேமரா திரையின் நடுவில் நிற்கும்போதே ஃபைண்டரின் (குறிபார்க்க மேலே பொருத்திய சிறு தொலைநோக்கி) குறுக்குக் கோடும் அதன் மேல் அச்சாக உட்கார வேண்டும். என் கணக்கில் பாதி வேலை இதுதான், பொறுமையாகச் செய்யுங்கள்.

நிலையம் நொடிக்கு 7.6 கி.மீ.க்கு மேல் ஓடுகிறது. 1/1000 நொடியிலேயே ஏழரை மீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். அதனால் எக்ஸ்போஷர், அதாவது ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கேமரா ஒளி வாங்கும் நேரம், 1/1000 நொடிக்கும் 1/2000 நொடிக்கும் இடையில் இருக்கட்டும். கெயினை (கேமரா ஒளியைப் பெருக்கிக் காட்டும் அளவு) கொஞ்சம் குறைத்தே வையுங்கள். சூரியத் தகடுகள் வெளுத்துப்போனால் மீட்க முடியாது.

சரி, வந்துவிட்டது. ரெக்கார்டிங்கை ஓடவிட்டு, திரையை மறந்து ஃபைண்டரை மட்டும் பாருங்கள். தொடர்ந்து துரத்துவது புதியவர்களுக்குக் கடினம். பாதையில் சற்று முன்னால் போய் நில்லுங்கள். அது குறுக்குக் கோட்டைக் கடந்ததும் மறுபடி முன்னால் தள்ளுங்கள். வடகிழக்கே சேர்வராயன் மலைப்பக்கம் இறங்கும் வரவு என்றால், உச்சம் தாண்டியதும் விட்டுவிடலாம்.

பெரும்பாலான ஃபிரேம்கள் வெறும் கறுப்பாக இருக்கும். பிப் (PIPP) மென்பொருள் நிலையம் உள்ளவற்றைப் பிரித்துத் தரும், ஆட்டோஸ்டாக்கர்ட் (AutoStakkert) மென்பொருள் அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே தெளிவான படமாக்கும். அடுத்தடுத்த சில நொடி ஃபிரேம்களை மட்டும் அடுக்குங்கள், கோணம் மாறிக்கொண்டே இருப்பதால் மற்றவை ஒட்டாது. சீனாவின் தியான்கோங் நிலையமும் இதே முறையில் சிக்கும். அது சிறியது, கை பழகியபின் முயலுங்கள்.