பிஓடி காலத்துப் புத்தக ஒப்பந்தம்: கையெழுத்துக்கு முன் பார்க்க வேண்டியவை

தமிழில் முதல் அச்சு 1000, 1200 பிரதி என்றிருந்த காலம் ஏறக்குறைய போய்விட்டது. இன்று பல பதிப்பகங்கள் டிஜிட்டல் அச்சில் 50, 100 என்று போட்டு, தீரத் தீர அடித்துக்கொள்கின்றன. தேவைக்கேற்ப அச்சிடும் இந்த முறைதான் பிஓடி (பிரின்ட் ஆன் டிமாண்ட்). போட்ட பணம் முடங்குவதில்லை, புதியவர்களின் நூலும் எளிதாக வெளிவருகிறது. ஆனால் ஒப்பந்தப் படிவம் பெரும்பாலும் ஒரே தடவையில் ஆயிரக்கணக்கில் அடித்த பழைய ஆஃப்செட் காலத்தது. எழுத்தாளர் இழப்பது அதில்தான்.

முதலில் ராயல்டி. நூலின் விலை 250 ரூபாய், ராயல்டி 10 சதவீதம் என்றால் பிரதிக்கு 25 ரூபாய். 100 பிரதிக்கு 2,500. படிவத்தில் ‘அச்சிட்ட விலையில்’ என்று இருந்தால்தான் இந்தக் கணக்கு. ‘நிகர வரவில்’ என்றிருந்தால், கடைக்கு 40 சதவீதக் கழிவு போக மிஞ்சும் 150 ரூபாய்க்கு 15 ரூபாய்தான். எந்தச் சொல் இருக்கிறது என்று பார்த்துவிட்டு மேலே படியுங்கள்.

அடுத்தது, இருப்பதிலேயே ஆபத்தான வரி: ‘நூல் அச்சில் இல்லாமல் போனால் உரிமை எழுத்தாளருக்குத் திரும்பும்.’ ஆஃப்செட்டில் இது நல்ல பாதுகாப்பு. பிஓடியில் இதற்குப் பொருளே இல்லை. கோப்பு இருக்கும்வரை ஒரு பிரதியாவது அடித்துத் தரலாம். ஆகவே நூல் என்றைக்கும் ‘அச்சில்’ இருக்கும். ஆண்டுக்கு மூன்று பிரதி விற்கும் நூலைக்கூட வேறிடம் கொண்டுபோக முடியாது. இந்த வரியை அடித்துவிட்டு இப்படி எழுதச் சொல்லுங்கள்: ‘தொடர்ந்து 12 மாதங்களில் 50 பிரதிக்குக் குறைவாக விற்றால், எழுத்தாளர் கடிதம் கொடுத்த 60 நாளில் எல்லா உரிமைகளும் அவரிடம் திரும்பும்.’ 50 என்பதைப் பேசி 30 ஆக்கலாம். எண் ஒன்று இருக்க வேண்டும், அதுதான் முக்கியம்.

காலத்தையும் இடத்தையும் விடாதீர்கள். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, எழுத்தாளர் கையெழுத்திட்ட எழுத்து வடிவம் இல்லாமல் உரிமை மாற்றம் செல்லாது. காலம் குறிக்காவிட்டால் 5 ஆண்டு, இடம் குறிக்காவிட்டால் இந்தியா மட்டும். சட்டம் இப்படி உங்கள் பக்கம் நிற்பதால்தான் ‘காலவரையின்றி, உலகம் முழுதும்’ என்று படிவத்தில் எழுதிவைக்கிறார்கள். இலங்கை, சிங்கப்பூர், மலேசியா, கனடா என்று தமிழ் வாசகர்கள் இருக்க, ‘உலகம்’ என்ற சொல்லுக்கு உண்மையிலேயே விலை உண்டு. 3 அல்லது 5 ஆண்டு போதும்.

அதே பிரிவின் 4ஆம் உட்பிரிவில், அதாவது 19(4)-இல், இன்னொன்று: உரிமையை வாங்கியவர் ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால் அது காலாவதியாகும், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி சொல்லியிருந்தால் தவிர. ‘19(4) பொருந்தாது’ என்ற வரி கண்ணில் பட்டால் நீக்கச் சொல்லுங்கள்.

அச்சு, மின்நூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, திரை என்று ஒவ்வொன்றுக்கும் தனி வரி வேண்டும். அச்சுப் பதிப்பகத்துக்கு அச்சுரிமையே போதுமானது. மொழிபெயர்ப்பு உரிமையைச் சும்மா விட்டுக்கொடுப்பது இப்போது பெரிய தவறு. 2023 முதல் தமிழக அரசு சென்னையில் பன்னாட்டுப் புத்தகக் கண்காட்சி நடத்தி மொழிபெயர்ப்புக்கு நிதியுதவியும் தருகிறது. ‘எழுத்தாளரின் எழுத்து அனுமதியின்றி செயற்கை நுண்ணறிவுப் பயிற்சிக்குத் தரக் கூடாது’ என்ற வரியையும் சேர்த்துவிடுங்கள்.

மின்நூலைக் கையில் வைத்துக்கொண்டால் கிண்டிலில் நீங்களே போடலாம். அதற்கான அமேசானின் சுயபதிப்புத் தளமான கேடிபி தமிழை ஏற்கத் தொடங்கியது 2016 டிசம்பரில். இந்திய விற்பனைக்கு 70 சதவீத ராயல்டி வேண்டுமென்றால் கேடிபி செலக்ட் என்ற அதன் திட்டத்தில் சேர வேண்டும். சேர்ந்தால் 90 நாளுக்கு மின்நூலை வேறெங்கும் வைக்க முடியாது. சேராவிட்டால் 35.

பிஓடியில் எத்தனை பிரதி அச்சானது என்பது வெளியே தெரியாது. சின்னச் சின்ன ரசீதுகளாகப் போய்க்கொண்டிருக்கும். மார்ச் 31, செப்டம்பர் 30 என இரு தேதிகளில் அச்சானது, விற்றது, இலவசம், இருப்பு நான்கையும் காட்டும் கணக்குத் தாள் வேண்டும், கேட்டால் அச்சக ரசீதுகளைக் காட்ட வேண்டும் என்று எழுதிவாங்குங்கள்.

கடைசியாகக் கோப்பு. திருத்தம் முடிந்த பிரதியை, எல்லாக் கணினியிலும் திறக்கும் பொது எழுத்துக் குறியீடான யூனிகோடில் உங்களுக்குத் தர வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே இருக்கட்டும். இல்லாவிட்டால் உரிமை திரும்பினாலும் பழைய எழுத்துருவில் செய்த பிடிஎஃப்தான் மிஞ்சும். மறுபடி தட்டச்சு செய்ய வேண்டியிருக்கும். கோப்பு வந்ததும் ‘கெள’ என்று தேடிப் பாருங்கள். ‘கௌரவம்’ என்பதை ‘கெ’, ‘ள’ என இரண்டு எழுத்தாகத் தட்டியிருப்பார்கள். தாளில் வித்தியாசமே தெரியாது. மின்நூலில் தேடினால் அந்தச் சொல் சிக்காது, உரக்கப் படித்துக்காட்டும் மென்பொருள் ‘கெ-ள-ரவம்’ என்றே படிக்கும். துணைக்கால் (‘ா’) வரும் இடத்தில் ‘ர’ இருக்கிறதா என்றும் பாருங்கள். வேறு பதிப்பகத்துக்குப் போனால் நூலின் அடையாள எண்ணான பழைய ஐஎஸ்பிஎன்னைப் பயன்படுத்த முடியாது. அது பதிப்பாளருக்கு உரியது. புது எண்ணை ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமையின் தளத்தில் விண்ணப்பித்து இலவசமாகவே பெறலாம்.