இன்டெக்ரல் குடுத்தா சாஃப்ட்வேர் அதையே திருப்பித் தருதா? இதைப் பண்ணிப் பாருங்க

சிம்பைய (SymPy, பைத்தான்ல கணக்கை ஃபார்முலாவாவே போட்டுத் தர்ற லைப்ரரி) இன்ஸ்டால் பண்றது, சிம்பல் டிக்ளேர் பண்றதெல்லாம் தெரியும்னு வச்சுக்கிட்டு நேரா விஷயத்துக்கு வரேன்.

ஸ்டெப் 1: இன்டெக்ரேட் பண்ணச் சொல்லி ஈ அடுக்கு மைனஸ் எக்ஸ் ஸ்கொயர் குடுங்க. விடையில எர்ஃப்னு (erf, எரர் ஃபங்ஷன்) ஒன்னு வரும், பயப்படாதீங்க, பக் இல்ல. சைன், லாக் மாதிரி சாதா ஃபங்ஷன்கள வச்சு இதுக்கு விடை எழுதவே முடியாது, 1830கள்ல லியூவில்ங்கற கணித மேதை போட்ட தியரியிலேர்ந்து வர்ற விஷயம் இது.

ஸ்டெப் 2: இப்ப எக்ஸ் அடுக்கு எக்ஸ். குடுத்த கேள்வியே திரும்ப வரும். அதுக்காக எது திரும்பி வந்தாலும் "விடையே கிடையாது"ன்னு முடிவு பண்ணிடாதீங்க, சிம்பைக்குத் தெரியாமலும் இருக்கலாம். ரிஷ்ங்கற கணிதக்காரர் கண்டுபிடிச்ச வழியில போற ரிஷ் ஆப்ஷனை (risch=True) ஆன் பண்ணி ஓட்டுங்க, "நான்-எலிமென்டரி"ன்னு சொல்லிடுச்சுன்னா, சாதா ஃபங்ஷன்கள்ல விடை இல்லங்கறதுக்கு அது நிரூபணமே. ஆனா உள்ள ஸ்கொயர் ரூட் இருந்தா அந்த ஆப்ஷன் கைய விரிச்சிடும். ரிஷ் தன்னோட வழிய 1969லயே வெளியிட்டாரு, முழுசா கோடு பண்றது இன்னிக்கும் பெரிய தலைவலி.

ஸ்டெப் 3: இங்கதான் மெதுவா போகணும். 1/(2 + காஸ் எக்ஸ்)ஐ 0லேர்ந்து 2பை வரைக்கும் இன்டெக்ரேட் பண்ணுங்க. கீழ இருக்கறது எப்பவுமே 1க்கும் 3க்கும் நடுவுல, அப்ப விடை கண்டிப்பா பாசிட்டிவ். ஆனா புக்ல இருக்கற ஆன்டிடெரிவேட்டிவ் (டிஃபரன்ஷியேட் பண்ணா குடுத்த ஃபங்ஷனே திரும்பக் கிடைக்கற ஃபார்முலா) (2/ரூட் 3) × ஆர்க்டேன்(டேன்(எக்ஸ்/2)/ரூட் 3), அதுல ரெண்டு எல்லையையும் போட்டுக் கழிச்சா பூஜ்யம் வரும்! காரணம், எக்ஸ் = பை வர்ற எடத்துல அந்த ஃபங்ஷன் சட்டுனு குதிக்குது, அந்தக் குதிய நாம கணக்குல சேக்கல. சரியான விடை 2பை/ரூட் 3, அதாவது சுமார் 3.6276. சிம்பை இதுக்குன்னே ஒரு ஃப்ளோர் டெர்ம் (floor, கீழ இருக்கற முழு எண்ணுக்கு இறக்கற ஃபங்ஷன்) ஒட்டித் தரும், பாக்க அசிங்கமா இருக்கேன்னு அதை வெட்டிடாதீங்க.

ஸ்டெப் 4: எது வந்தாலும் சைபைல (SciPy, நம்பர் கணக்குக்கான பைத்தான் லைப்ரரி) இருக்கற, இன்டெக்ரலை நம்பராவே கணக்குப் போடற குவாட் (quad) ஃபங்ஷனைப் போட்டு நம்பரைச் சரி பாருங்க. டிஃபரன்ஷியேட் பண்ணிப் பாத்தா போதாதான்னா, போதாது, ஸ்டெப் 3ல சொன்ன புக் ஃபார்முலா அந்த டெஸ்ட்ல அழகா பாஸ் ஆயிடும்.

அப்டேட்: ஈ அடுக்கு மைனஸ் ஏஎக்ஸை 0லேர்ந்து இன்ஃபினிட்டி வரைக்கும் போட்டா பீஸ்வைஸா (ஒவ்வொரு நிபந்தனைக்கும் ஒரு விடையா) நீளமா வருதுன்னு கமெண்ட்ல கேட்டிருந்தீங்க. ஏ பாசிட்டிவ்னு முன்னாடியே டிக்ளேர் பண்ணுங்க, 1/ஏன்னு நச்சுனு வரும். மேக்சிமான்னா (சிம்பை மாதிரி இன்னொரு கணித சாஃப்ட்வேர்) அதுவே "ஏ பாசிட்டிவா நெகட்டிவா"ன்னு கேக்கும், இந்த ஒரு விஷயத்துல எனக்கு மேக்சிமாதான் பிடிக்கும்.