பிஎச்பியில் & போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிறுபோகத்துக்கு இரணைமடுக் குளத்துத் தண்ணீர் எல்லா வயலுக்கும் காணாது. குளத்து நீரைப் பார்த்துத்தான் ஏக்கரைப் பங்கிடுவார்கள். அந்தப் பங்குப் பட்டியலை அச்செடுக்க, கிளிநொச்சியில் ஒரு கமக்காரர் அமைப்புக்கு பிஎச்பி என்ற கணினி மொழியில் புரோகிராம் எழுதினேன். தாளில் கடைசி ஊருக்கு ஏக்கர் குறைந்து வந்தது. தரவுத்தளத்தில் கணக்குச் சரி. ஒருவருடைய தண்ணீர் இது என்பதால் அன்றிரவு நித்திரையே வரவில்லை.

சின்ன எண்களில் காட்டுகிறேன். வட்டக்கச்சி 40, முரசுமோட்டை 55, உருத்திரபுரம் 70. பட்டியலை ஒவ்வொன்றாக எடுக்கும் முதல் ஃபாரீச் லூப்பில், அந்தந்த ஊரின் எண்ணை வைக்கும் $ஏக்கர் என்ற மாறியின் முன்னால் & போட்டு (நகல் எடுக்காமல் மூல இடத்தையே சுட்டும் ரெஃபரன்ஸ் குறி) எண்களைத் திருத்தினேன். லூப் முடிந்தாலும் $ஏக்கர் அழியாது. உருத்திரபுரத்தின் இடத்துக்கு இன்னொரு பெயராகவே நிற்கும். வீட்டுப் பெயரும் பள்ளிக்கூடப் பெயரும் ஒரே பிள்ளைக்கு இருப்பது போல. அப்புறம் அச்செடுக்கும் லூப்பிலும் அதே $ஏக்கர், இந்த முறை & இல்லாமல். முதல் சுற்றில் 40 உருத்திரபுரத்தில் போய் விழும், அடுத்ததில் 55. மூன்றாவது சுற்றில் அது தன்னையே வாசிக்கும்: 55. எழுபது போய்விட்டது, ஒரு எச்சரிக்கையும் வராது. முதல் லூப் முடிந்த கையோடு அன்செட்($ஏக்கர்) எழுதி அந்தப் பெயரை நீக்கினால் போதும்.

ஃபங்ஷன், அதாவது பெயர் சொல்லி அழைக்கும் நிரல் பகுதி, ரெஃபரன்ஸைத் திருப்பித் தரும்போது இன்னும் கவனம் வேண்டும். அரேயில், அதாவது ஊர்ப் பட்டியலில், ஊரியான் என்ற ஊர் இல்லை என்று வைப்போம். சாதாரண ஃபங்ஷனில் கேட்டால் பிஎச்பி எச்சரிக்கும். பெயருக்கு முன் & போட்ட ஃபங்ஷனில் கேட்டால், கேட்டதற்கே ஊரியான் என்று ஒரு வெற்று வரி உருவாகி உள்ளே உட்கார்ந்துவிடும். எண்ணிப் பார்த்தால் ஒரு ஊர் கூடுதலாக இருக்கும். ஆகவே இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லாதபோது ‘நல்’ (null, ஒன்றும் இல்லை என்ற மதிப்பு) என்பதை நேரே திருப்பினாலும் பிஎச்பி முறையிடும்; ஒரு மாறியில் வைத்துத்தான் திருப்ப வேண்டும்.

& இரண்டு இடத்தில் வேண்டும்: ஃபங்ஷனை எழுதும்போதும், விடையை வாங்கும்போதும். வாங்கும் இடத்தில் மறந்தால் கிடைப்பது வெறும் நகல். அதை மாற்றினால் மூலம் அசையாது.

வேகத்துக்காக & போடுபவர்களும் உண்டு. வேண்டாம். மாற்றம் வரும்வரை பிஎச்பி அரேயை நகலெடுப்பதே இல்லை.

என் புரோகிராமில் இப்போது & ஒன்றும் இல்லை. ஏக்கரைத் திருத்த, ஊரையும் புது எண்ணையும் வாங்கும் தனி ஃபங்ஷன் இருக்கிறது.